விலாசம் கேட்டு வந்த கடல்

முதலாவது அநியாயம் ஈனமுத்துவின் அப்பாவுக்கு நடந்தது: முப்பது வருஷம் உப்பளத்து வெள்ளை வெயிலையே பார்த்து அவருடைய கண் இரண்டும் வெந்து போனபோது, அது பிறவிக் கோளாறு என்று அளத்து முதலாளியின் டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களைச் சேர்த்துச் சங்கம் கட்டியதற்காக ஈனமுத்துவைக் கைது செய்து, இனி எந்நாளும் துறைமுக வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மூன்றாவது, அவர் ஜெயிலில் இருந்தபோது மனைவி சொர்ணத்தாய் இறந்து, கொள்ளி வைக்க அவர் கொடுத்த பரோல் மனு, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு பரிவுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான்காவது, அவர் கட்டிய சங்கமே அவருடைய நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் விடுதலையான அன்று ஜெயில் வாசலில் மாலையோடு வந்து நின்றது. ஐந்தாவது, ஒரே மகன் கிரேக்கக் கம்பெனிக் கப்பலில் மாலுமியாகப் போய், ஒரு சித்திரை மாதத்து விடியலில் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஆள் கணக்கு எடுத்தபோது இல்லாமல் போக, அடுத்த துறைமுகத்தில் இறங்கி ஓடிவிட்டான் என்று கம்பெனி எழுதியது. ஆறாவது, ஓடிப்போனவன் காணாமல் போனவன் ஆக மாட்டான், காணாமல் போகாதவனுக்கு ஏழு வருஷக் கெடு தொடங்காது, கெடு தொடங்காதவனுக்குச் சாவு கிடையாது என்று நம்முடைய சர்க்கார் ஆபீஸ் அதற்குப் பதில் எழுதியது.

ஆறு. வரிசை மாறக் கூடாது. வரிசை மாற்றிச் சொன்னால் அநியாயம் வெறும் துக்கமாகிப் போகும் என்பது ஈனமுத்துவின் சித்தாந்தம். துக்கம் வீட்டுக்குள் கிடக்க வேண்டிய சாமான், அநியாயம் தெருவுக்குக் கொண்டுவர வேண்டிய சாமான் என்று அவர் ஐம்பது வருஷமாக மேடையில் சொல்லி வந்தவர்.

அந்த ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் கப்பல் கம்பெனி மகனுடைய தகரப்பெட்டியை அனுப்பியிருந்தது. பெட்டிக்குள் இரண்டு லுங்கி, ஒரு சவரக் கத்தி, மருமகள் சந்தனமாரியின் போட்டோ, அதற்கும் அடியில் நடுவில் பின் அடித்த எட்டுப் பக்கத்துக் குறுநூல் ஒன்று. அதன் மேலட்டையில், கப்பல் சமையற்காரர் லெஃப்தேரிஸ் என்பவர் தன் கையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "உங்கள் மகன் தினமும் காலையில் என்னோடு நின்று அடுப்புக்கு முதல் துளி ஊற்றுவான். அவன் ஓடவில்லை."

ஈனமுத்து பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் நடுவில் பின் அடித்த குறுநூல்களில்தான். கூலி என்றால் என்ன, உபரி என்றால் என்ன, பூமி எப்படி உருண்டது, சாமி எப்படி உண்டானது எல்லாமே பதினாறு பக்கத்துக்குள் முடிந்துபோன பல்கலைக்கழகம் அது. தடித்த புத்தகத்தை அவர் நம்ப மாட்டார். தடித்த புத்தகம் எழுதுகிறவனுக்கு வேறு வேலை இல்லை, குறுநூல் எழுதுகிறவனுக்கு அவசரம் இருக்கிறது என்பார். ஆகையால், நாலு வருஷத்து மனுக்களெல்லாம் வீணான பிறகு, அந்த எட்டுப் பக்கத்தையும், தொழிலாளர் சட்டம் படித்துக் கற்றுக்கொண்ட ஆங்கிலத்தை வைத்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்து ஒரு மாதத்தில் படித்து முடித்தார்.

கிரேக்க நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தெய்வங்களை இந்தக் காலத்தில் மறுபடியும் கும்பிட ஆரம்பித்திருக்கிற ஒரு சிறு கூட்டம், புதிதாகக் கும்பிட வருகிறவர்களுக்காக அச்சடித்தது அது. அவர்களுக்குப் பூசாரிப் பரம்பரை இல்லை, கோபுரம் இல்லை, தர்மகர்த்தா இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கிறான் என்ற ஒரே சொத்துதான் இருக்கிறது என்று தெரிந்ததும் ஈனமுத்துவுக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. முறைகளும் எளிமையாக இருந்தன. எரிகிற குச்சியைத் தண்ணீரில் அணைத்து, அந்தத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். வாற்கோதுமையைத் தூவ வேண்டும். திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து ஊற்ற வேண்டும். வானத்துத் தெய்வத்துக்கு உள்ளங்கை மேலே, கடல் தெய்வத்துக்கு உள்ளங்கை கடலைப் பார்த்து, மண்ணுக்குக் கீழே போனவர்களுக்கு உள்ளங்கை கீழே. எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டாலும் முதல் துளியும் கடைசித் துளியும் அடுப்பில் குடியிருக்கிற ஹெஸ்தியாவுக்கு.

மறுநாள் காலையில் அவர் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாற்கோதுமை வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டுக் கிதேரியம்மாளிடம் போய், கிறிஸ்துமசுக்குப் பானையில் ஊறப்போட்டு வைத்திருக்கிற ஒயினில் ஒரு பாட்டில் வேண்டும் என்று கேட்டார். கிதேரியம்மாள் மீன் ஏலத்தில் நாற்பது வருஷம் குரல் கொடுத்தவள்; மெதுவாகப் பேசுவது அவளுக்குத் தெரியாது.

"என்னவே தோழரே! அம்பது வருசமா சாமி இல்ல, சாமி இல்லன்னு மைக்குல கத்துனீரு. இப்ப ஒயினு கேட்டு வாசல்ல வந்து நிக்கீரு?"

"இந்த ஊரு சாமி இல்லன்னுதான் சொன்னேன். அந்த ஊரு சாமியப் பத்தி நான் எந்தக் கூட்டத்துலயும் பேசினது கெடையாது."

"அது சரி. நம்ம மாதா இருக்கா, உங்க மாரியம்மன் இருக்கா. தெருவுல இருக்கவுக கிட்டக் கேக்காம, சீமைக்குப் போயா கேப்பாக?"

"ஏ கிதேரி, எந்த ஸ்டேசன் எல்லையில ஆளு காணாமப் போனானோ, அந்த ஸ்டேசன்லதான் கேசு குடுக்கணும். இங்க குடுத்தா எங்க எல்லை இல்லம்பான். உன் மாதாவும் அதத்தான் சொல்லுவா."

கிதேரியம்மாள் யோசித்துப் பார்த்துவிட்டு, அதில் நியாயம் இருப்பதாகப்பட்டதால், பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தாள்.

துறைமுக வாசலுக்குள் கால் வைக்க முடியாதவர் கடலுக்கு எங்கே போவார்? பண்டகசாலைத் தெருவின் நடுவில், அந்த உப்பு ஊரிலேயே அதிசயமாக நல்ல தண்ணீர் ஊறுகிற பொதுக்கிணறு ஒன்று இருந்தது. தெருவின் எண்பது வீட்டுக்கும் அதுதான் தாய்ப்பால். எல்லாத் தண்ணீரும் அடியில் ஒன்றுதான் என்று முடிவு செய்து, ஈனமுத்து கிணற்று மேடையில் நின்று, குச்சியை அணைத்துக் கை கழுவி, வாற்கோதுமையைத் தூவி, உள்ளங்கை இரண்டையும் கிணற்றுக்குக் காட்டி, தன் வாழ்க்கையின் முதல் பிரார்த்தனையைச் செய்தார். பிரார்த்தனை அவருக்குத் தெரிந்த ஒரே வடிவத்தில் இருந்தது. "பெறுநர்: பொசைடன் அவர்கள், கடல்களின் அதிபதி, பூமியை அசைப்பவர். அனுப்புநர்: ஈனமுத்து, பண்டகசாலைத் தெரு. பொருள்: என் மகனைத் திருப்பி ஒப்படைக்கக் கோருதல்" என்று தொடங்கி, கோரிக்கை ஒன்று, கோரிக்கை இரண்டு என்று ஏழு வரை வாசித்து, ஏழாவதில் காலக்கெடு கொடுத்து, கெடு தவறினால் அடுத்த கட்டப் போராட்டம் என்று எச்சரித்து, ஒயினை ஊற்றினார்.

அடுப்புக்கு முதல் துளி ஊற்றும் முறையை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். முதலில் அடுப்பைக் கேள் என்றால், மனுவைக் கீழ்க் கிளார்க் வழியாக அனுப்பு என்றுதானே அர்த்தம்? கலெக்டரின் ஜீப்பை நடுரோட்டில் மறித்து மனு கொடுத்த ஈனமுத்து, சமையல்கட்டு வழியாக ஒரு கடவுளிடம் போவாரா?

மூன்றாம் நாள் காலையில், முதல் குடம் இறைத்த பெண் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு ஏறி, நீலமாக, அடியில் கிடக்கிற வெள்ளைக் கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக, ஐஸ் பெட்டியில் வைத்ததுபோலக் குளிர்ந்து கிடந்தது. தெரு கூடியது. இது கடல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எந்தக் கடல் என்பதில்தான் தகராறு வந்தது. நம்ம கடல்தான் அடிவழியாக உள்ளே புகுந்துவிட்டது என்றார்கள் சிலர். முப்பது வருஷம் வெளிநாட்டுக் கப்பல்களில் ஓடிவிட்டு வந்த தொம்மை, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"நம்ம கடலு உப்பு நாக்குல நிக்கும். இது தொண்டைக்குள்ள எறங்கி அங்கன நிக்கி. இது கிரேக்கத்துக் கடலு. தீவுக்கும் தீவுக்கும் நடுவுல கெடக்குமே, அது."

எல்லோரும் ஈனமுத்துவைப் பார்த்தார்கள். ஈனமுத்து தலையை நிமிர்த்தி, "மனுவ வாங்கிட்டாவ. பதில்தான் வரணும்" என்றார்.

அப்படியாக அந்தக் கடல் பண்டகசாலைத் தெருவில் தங்கியது. வார்டு கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு லாரி நல்ல தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டார். குடிநீர்த் துறையிலிருந்து வந்தவர் உப்புத் தண்ணீர் எங்கள் துறையில் வராது என்றார். மீன்வளத் துறையிலிருந்து வந்தவர் கிணறு எங்கள் துறையில் வராது என்றார். கரையில்லாதது கடலாகுமா என்று ஒருவரும், வெளிநாட்டிலிருந்து வந்ததற்கு உரிய பத்திரம் எங்கே என்று சுங்கத்திலிருந்து ஒருவரும் கேட்டார்கள். கடைசியில் நகராட்சி, "ஆழமான கடல், குழந்தைகளைக் குளிக்க விடாதீர்" என்று ஒரு பலகையை மட்டும் நட்டுவிட்டுப் போனது.

தெருவுக்குத் துறை கிடையாது, ஆகையால் தெரு அதைச் சீக்கிரமாகப் பழக்கிக்கொண்டது. வால் பக்கத்தில் கறுப்புப் புள்ளி வைத்த ஒரு வெள்ளி மீன், மேலே வந்து முகத்தைக் காட்டிவிட்டு உடனே மறைந்துவிடும். அதற்குக் கவுன்சிலர் என்று பேர் வைத்தார்கள். தினமும் மத்தியானம் கிணற்று வாயிலிருந்து வடகாற்று ஒன்று கிளம்பி, சாயந்தரம் வரை வீசி, பொழுது சாய்ந்ததும் அடங்கும். பெண்கள் அந்தக் காற்றில் வடகம் காயப் போட்டார்கள், அந்த வருஷத்து வடகத்தில் ஏதோ தெரியாத இலையின் வாசம் அடித்தது. பங்குச்சாமி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், கடல் முழுவதும் ஆண்டவருடைய சொத்து, அதில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கலங்க வேண்டாம் என்று சொன்னார். மாரியம்மன் கொடையின்போது கரகம் எடுக்கிற சாமியாடி, வழக்கம்போலக் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர், மேடைக்கு நாலடி முன்னாலேயே நின்றுகொண்டு, "அங்க ஆளு இருக்கு" என்று சொல்லி, கும்பிட்டுவிட்டு லாரித் தண்ணீருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தச் சாமிக்காக என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு வெளியூர்ப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கப்பலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் தாய்மார்கள், மனைவிமார்கள், அக்கா தங்கைகள், கடலோரத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து, கையில் போட்டோவை வைத்துக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்தார்கள். யாரும் கதறவில்லை. ஒரு கிழவி, கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் குளுருதே. மேலுக்குச் சட்டை போட்டிருப்பானோ, என்னவோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். அந்த ஒரு பேச்சைக் கேட்டு அன்றைக்குத் தெருவில் பாதி வீடுகள் சோறு பொங்கவில்லை.

ஈனமுத்து மட்டும் அசையவில்லை. காலையில் ஒயின் ஊற்றுவார், மனு வாசிப்பார், பிறகு தட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்துவிடுவார். "திருப்பிக் கொடு! திருப்பிக் கொடு! தொழிலாளி மகனைத் திருப்பிக் கொடு!" என்று தட்டியில் எழுதியிருந்தது. மூன்று மாதம் போனது. அந்தக் கடல் தெருவின் நடுவில், கதவைத் தட்டவும் தெரியாமல் திரும்பிப் போகவும் மனமில்லாமல் நிற்கிற ஆளைப்போல, நீலமாக நின்றுகொண்டே இருந்தது.

அந்த மூன்று மாதமும் தண்ணீர் சுமந்தவள் சந்தனமாரி. லாரி வராத நாளில் ரயில்வே கேட் தாண்டிப் போய் இரண்டு குடம் கொண்டுவர வேண்டும். தையல் மிஷினில் உட்கார வேண்டிய நேரமெல்லாம் வரிசையில் போனது. வரிசையில் நின்ற பெண்கள், "உங்க மாமாவாலதான எங்களுக்கு இந்தக் கேடு" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மேடையில் உட்கார்ந்திருந்த மாமனார் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா நான் எந்த வரிசையில உக்காரணும்?"

"இது என்ன கேள்வி? எங்க எடம் இருக்கோ அங்க உக்காரு."

"தாலி அறுத்தவ பொறத்த உக்காந்திருக்கா. தாலி கட்டுனவ முன்ன உக்காந்திருக்கா. நான் போனா ரெண்டு வரிசையும் பேச்ச நிறுத்துது. அவுகளுக்குத் திதி குடுக்க நாள் தெரியாது. பொறந்தநாளுன்னா பாயாசம் வைக்கவா வேண்டாமான்னு தெரியாது. அஞ்சு வருசமா நான் அழல, தெரியுமா உங்களுக்கு? எனக்கு அழுறதுக்கு ஒரு தேதி வேணும் மாமா."

"அழுதா அவனுவ ஜெயிச்சிருவானுவ."

"எவனுவ?"

ஈனமுத்து வாயைத் திறந்தார். வரிசையாக ஆறு பேரைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆனால் அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சந்தனமாரி அந்தக் குறுநூலை எடுத்தாள். இங்கிலீஷ் தெரியாதவள்தான், ஆனால் மாமனார் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த தமிழ் அர்த்தங்கள் போதுமாயிருந்தன. 'முதலில் அடுப்பு. வீடு எது என்று தெய்வத்துக்குத் தெரிவது அதனால்தான்' என்ற வரிக்குப் பக்கத்தில் மாமனார் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டதாகப் பிற்பாடு கிதேரியம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். மாமனார் கிணற்றடியில் இருந்த நேரத்தில், அடுப்பை மூட்டி, எரிகிற சுள்ளியைச் செம்புத் தண்ணீரில் அணைத்துக் கை கழுவி, நாலு வாற்கோதுமையைத் தீயில் போட்டு, ஒரு துளி ஒயின் விட்டு, "எஸ்தியம்மா, முதல்லயும் ஒனக்கு, கடைசியிலயும் ஒனக்கு. திருப்பிக் குடுன்னு நான் கேக்கல. என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லு" என்று கேட்டாள்.

கிணற்றடியில் ஈனமுத்துவுக்கு ஒரு பெருமூச்சு கேட்டது. கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் தாழ்ந்து, பிறகு விளிம்புக்கு ஏறி, ஒரே ஒரு இடத்தில் வழிந்து, ஒரு சாண் அகலத்துக்குத் தெருவில் இறங்கியது. இறங்கிய தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடியது. தொம்மை வீட்டைத் தாண்டியது, கிதேரியம்மாள் வாசலில் ஒரு வினாடி நின்று யோசித்தது, பிறகு விலாசம் கிடைத்துவிட்ட ஆள்போல நேரே ஈனமுத்து வீட்டுப் படியேறி உள்ளே போனது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை ஒதுக்கி அதற்கு வழி விட்டார்கள். ஈனமுத்து தட்டியைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடினார்.

சமையல்கட்டில் கணுக்கால் அளவுக்குக் கடல் நின்றது. அடுப்பு நனையாமல் எரிந்துகொண்டிருந்தது. சந்தனமாரி அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில், கப்பலில் வேலை செய்கிறவர்கள் போடும் சட்டையும் கால்சராயும் ஒன்றாகத் தைத்த காவி நிற உடுப்பு கிடந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை எல்லாப் பொத்தானும் மாட்டியிருந்தது. கைமுனைகள் இரண்டும் இறுக்கிக் கட்டியிருந்தன. உள்ளே ஆள் மட்டும் இல்லை.

"என் தையல் மாமா," என்றாள் அவள். "போறப்ப உள்பை வச்சுத் தச்சுக் குடுத்தேன். ரெட்டைத் தையல். நூல் பத்தலன்னு கடைசியில பச்சை நூல் போட்டேன். பாருங்க."

பச்சை நூல் இருந்தது.

ஈனமுத்து அதை வாங்கினார். வாங்கிய கைக்கு அது என்னவென்று தெரியும் முன்னே வாய் பேசிவிட்டது. "ஆதாரம்! ஆதாரம் கெடச்சிட்டு! வேலை உடுப்பு. கழுத்து வரைக்கும் பொத்தான். கரையில எறங்கி ஓடுறவன் இதையா போட்டுக்கிட்டு ஓடுவான்? வேலையில இருக்கும்போதே விழுந்திருக்கான். விழுந்தவன அவனுவ தேடல. இத வச்சு நான் இப்பமே கம்பெனிக்கு…"

"யாரு விழுந்தா மாமா?"

அவர் நிறுத்தினார். ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை. காலைச் சுற்றி நின்ற கடல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட மாதிரி, மெல்ல வாசல் வழியாக வடிந்து கிணற்றுக்குப் போனது.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது குறுநூலின் எட்டாம் பக்கத்தில் இருந்தது, இருவருக்குமே தெரியும். உடல் கிடைக்காமல் தண்ணீரில் போனவர்களுக்கு, சாட்சிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, பேரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். உள்ளங்கை கீழே. மது முழுவதையும் மண்ணில் ஊற்ற வேண்டும், ஒரு துளி மிச்சம் வைக்கக் கூடாது. அப்படி வாசித்தால்தான் போனவன் போக வேண்டிய இடத்துக்குப் போவான். வாசிக்கும் வரை கரைக்கும் கரைக்கும் நடுவில் நிற்பான்.

ஈனமுத்து மாட்டேன் என்றார். "நான் கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்குன மனு ஒண்ணு கெடையாது. பேர வாசிச்சா வாபஸ் வாங்குனதா ஆயிரும்." அடுத்த நாளும் தட்டியோடு போய் மேடையில் உட்கார்ந்தார். ஆனால் மனுவை வாசிக்கவில்லை. முதல் கோரிக்கைக்கு வந்ததும் தாளை மடித்து வைத்தார்.

அந்த வாரம் நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது: பொதுமக்கள் நலன் கருதி, திங்கட்கிழமை காலை கிணறு கட்டட இடிபாடுகளால் மூடப்படும். தெருவில் பாதிப் பேர் சந்தோஷப்பட்டார்கள், பாதிப் பேர் போய் நோட்டீஸை மறுபடியும் வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பூசை முடிந்ததும் கிதேரியம்மாளும் தொம்மையும் தெருப் பெண்களும் ஈனமுத்துவின் வாசலுக்கு வந்தார்கள்.

"வே தோழரே," என்றாள் கிதேரியம்மாள். அவள் மெதுவாகப் பேசியதைத் தெரு அன்றுதான் கேட்டது. "நாளைக்குக் கல்லப் போட்டு மூடிருவானுவ. அந்தக் கடலு நம்ம தெருவுக்கு மூணு மாசத்துக்கு மேலா விருந்தாளி. தண்ணியில்லாமச் செத்தோம், உம்மள ஏசினோம், அதெல்லாம் சரி. வந்தவுகள வெறுங்கையோட அனுப்பலாமாவே? அது என்னத்துக்கு வந்துச்சுன்னு உமக்குத் தெரியாதா?"

"எனக்கு எம்மவன் வேணும்," என்றார் ஈனமுத்து. மைக் இல்லாமல், தெரு கேட்க, அநியாயம் துக்கமாகிப்போன குரலில் சொன்னார்.

உள்ளேயிருந்து சந்தனமாரி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமா, வேலைய விட்டு நிப்பாட்டுனவுக பேரையெல்லாம் துறைமுக வாசல் முன்னால நின்னு வாசிப்பீகளாம். அத்தை சொல்லியிருக்காவ எங்கிட்ட. மழையில நின்னுகூட வாசிப்பீகளாம். எதுக்கு வாசிப்பீய?"

"அப்படி ஒருத்தன் இங்க வேலை பாக்கவே இல்லன்னு நாளைக்கு அவனுவ சொல்லிரக் கூடாதுல்லா, அதுக்கு."

"அது வாபஸா?"

ஈனமுத்து எழுந்து உள்ளே போய், வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எழுத உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை, இடிபாடு ஏற்றிய லாரி தெருமுனைக்கு வந்தபோது பண்டகசாலைத் தெருவில் நிற்க இடமில்லை. எண்பது வீட்டுச் சனமும் நின்றது. முதல் பஸ்ஸுக்கு வந்த வெளியூர்ப் பெண்கள் தங்கள் போட்டோக்களோடு நின்றார்கள். மேற்பார்வையாளர் இறங்கி வந்து, என்ன கூட்டம் என்று கேட்டு, யாரோ காதில் சொன்னதும் டிரைவரிடம் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். சந்தனமாரி வீட்டு அடுப்புக்கு முதல் துளியை ஊற்றிவிட்டு வந்து, பாட்டிலை மாமனாரிடம் கொடுத்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. ஒருவரும் அவளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தவில்லை.

ஈனமுத்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் பேசிய எந்தக் கூட்டமும் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. "சாட்சிக்கு அஞ்சு பேரு வேணும்" என்றார். ஐந்து பேர் வேண்டிய இடத்தில் ஐம்பது கை நீண்டது. தாளில் இடம் உள்ளவரை கையெழுத்து வாங்கினார். கையெழுத்துத் தெரியாதவர்கள், கிணற்றுத் தண்ணீரைத் தொட்டு விரல் வைத்தார்கள். மூடியைக் கழற்றி, மது முழுவதையும் மேடையின் கீழே மண்ணில் ஊற்றினார். கடைசித் துளி விழும்வரை பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தார். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, வலது கையில் தாளைத் தூக்கிப் பிடித்தார். எழுத்து தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்தார், அப்போதும் தெரியவில்லை. பார்க்காமலேயே வாசிக்கலாம் என்று தொம்மை முணுமுணுத்தார். ஈனமுத்து தலையை ஆட்டி மறுத்து, எழுத்து தெரியும்வரை காத்திருந்தார். காலை நேரத்தில் வழக்கமில்லாத அந்த வடகாற்று கிணற்று வாயிலிருந்து ஒருமுறை எழும்பி, நின்றது.

சந்தனமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்; இன்றைக்குத் தேதி என்ன என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்; அவள் சொன்னாள்.

"தோழர்களே, தாய்மார்களே," என்று ஆரம்பித்தார் ஈனமுத்து. "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கடலும் கேட்டுக்கிடணும். இப்படி ஒருத்தன் இருந்தான். ஈனமுத்து, சொர்ணத்தாய் மகன். சந்தனமாரி புருசன். கப்பல் தொழிலாளி. வேலையில இருக்கும்போது செத்தான். அவன் பேரு செம்பரிதி."